பொன்னாத்தாளின் பத்து விரல்கள்

சுருளிப்பட்டியில் திராட்சை வெட்டப் போகும் பெண்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். வெட்டிய பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு எது யாருடையது என்று கேட்டால், கம்பத்து வியாபாரி ஈஸ்வரபாண்டி பொன்னாத்தாளுடைய பெட்டியை மட்டும் தயங்காமல் காட்டிவிடுவார். பன்னீர் திராட்சை பழுக்கும்போது அதன் கருநீலத் தோலின் மேல் பனி படிந்தாற்போல் ஒரு வெள்ளை மாவு படியும். அந்த மாவு இருக்கிறவரை பழம் இப்போதுதான் கொடியிலிருந்து இறங்கியது என்று அர்த்தம். விரல் பட்டால் கலைந்துவிடும். கலைந்த இடம் கறுத்துப் பளபளக்கும். வாங்குகிறவன் 'கைபட்ட பழம்' என்று ஒதுக்கிவிடுவான்.

பொன்னாத்தாள் இருபத்தாறு வருஷமாகப் பழம் வெட்டுகிறாள். தலைக்கு மேலே விரிந்த பந்தலை அண்ணாந்து பார்த்தபடி, இடது கையால் காம்பை மட்டும் பிடித்து, வலது கையால் கத்தரித்து, செய்தித்தாள் விரித்த பெட்டியில் சத்தமில்லாமல் இறக்குவாள். ஒரு பழத்தின்மேலும் அவள் விரல் பட்டிருக்காது.

"பொன்னாத்தா வெட்டுனா, தான் வெட்டுப்பட்டதே பழத்துக்குத் தெரியாதுப்பா" என்பார் ஈஸ்வரபாண்டி.

பழத்துக்கு அவ்வளவு பதமாக இருந்த கை, தன்னளவில் வேறு மாதிரி இருந்தது. பழம் வெட்டும் நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாட்களில் இலை கிள்ள வேண்டும், கொடியைக் கட்ட வேண்டும், களை எடுக்க வேண்டும். கவாத்து முடிந்ததும், வெட்டுப்பட்ட கொடிமுனைகளில் நோய் ஏறாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த நீலப் பசையைத் தடவ வேண்டும். தோட்டக்காரர் ஆதித்தன் கையுறை வாங்கிக் கொடுக்காமல் இல்லை. ஆனால் போட்ட அரை மணி நேரத்தில் உள்ளே வியர்த்து ஊறும். காம்பு எது, கணு எது என்று கைக்குத் தெரியாது. எல்லாப் பெண்களும் கழற்றிப் பந்தல் கல்தூணில் செருகிவிடுவார்கள். சாயங்காலம் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் நீலம் நிற்கும். படுத்தால் அரிக்கும். மார்கழிக் காற்று சுருளி மலையிலிருந்து இறங்கினால் விரல் மடிப்பெல்லாம் வெடிக்கும். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டாள். எண்ணெய் மேலே மினுங்கும். விடிந்தால் பழையபடி வேப்பம்பட்டை.

இந்தக் கையைக் கொண்டாடியவர் ஒருவர்தான். அவள் கணவர் சின்னச்சாமி. கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினார். விடியுமுன் போய்ப் பொழுதுசாயத் திரும்பி, சட்டையைக் கழற்றியதும் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

"நகத்தால சொறியாத. சும்மா கையை வச்சுத் தடவு, போதும்."

அவள் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஒருமுறை இழுப்பாள். சரசரவென்று சத்தம் கேட்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஊர்ல இருக்கவனெல்லாம் பொஞ்சாதி கை பூ மாதிரினு பீத்துறான். எம்பொஞ்சாதி கை உப்புத்தாளு. இதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்டி."

"ரொம்பப் பேசுனீகன்னா நெசமாவே உப்புத்தாளு வாங்கித் தேச்சு விட்ருவேன்" என்பாள் அவள்.

போன ஐப்பசியில், ஜீப்பை வீட்டு முன்னால் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியவர், வாசற்படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அவள் செம்போடு வந்தபோது இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, இறப்புச் சான்றிதழ் வந்தது, ரேஷன் அட்டையிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். மகள் சினேகா கல்யாணமாகித் தேனிக்குப் போனபோதே அவள் பெயர் போயிருந்தது. இப்போது அட்டையில் ஒரே பெயர்தான் மிச்சம். அதுவரை ரேஷன் கடை எந்திரத்தில் கட்டைவிரலை வைத்தது சின்னச்சாமி. ஸ்டியரிங் பிடித்த வழுவழுப்பான விரல்; வைத்தவுடன் எடுத்துக்கொள்ளும். "நம்ம வீட்ல சோறு போடுறது இந்த ஒத்த விரலு" என்று தூக்கிக் காட்டுவார். பொன்னாத்தாள் முதல்முறையாகத் தன் விரலைக் கொண்டுபோனாள்.

எந்திரம் சிவப்பு காட்டியது.

"அழுத்துங்கத்தே" என்றான் கடையில் பில் போடும் முத்துக்குமரன். "இன்னும் நல்லா அழுத்துங்க."

அழுத்தினாள். மற்ற விரலை வைத்தாள். பத்து விரலும் முடிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள்:

"ஏ பொன்னாத்தா, எங்குனயும் கொள்ளையடிச்சிட்டு ரேகைய அழிச்சிட்டு வந்துட்டியா?"

"ஆமாடி. ஒன் வீட்ல கம்மலத் தேடுனேன், அதுவும் கவரிங்கா இருந்துச்சு."

வரிசை முழுக்கச் சிரித்தது. பொன்னாத்தாளும் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு மாதமும் இப்படியே ஆனது. பல வருஷம் முன்பு ஆதாருக்கு வைத்த ரேகையோடு விரல் ஒத்துப்போகவில்லை என்று, ஆதார் எடுக்கும் இடத்தில் புதிதாக ரேகை எடுத்து வரச் சொன்னார்கள். இரண்டு தடவை போனாள். அங்கே இருந்த பெண் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு சொன்னாள்: "எடுக்குறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லியேம்மா."

தை மாதம் அரிசி வாங்கப் போனபோது முத்துக்குமரன் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தே, அரிசியை நான் நோட்டுல எழுதிக் குடுத்துருவேன். அது இல்ல பிரச்சனை. அடுத்த மாசக் கடைசிக்குள்ள அட்டையில இருக்க எல்லார் ரேகையும் ஏறணும்னு சொல்லிட்டாக. ஏறாத பேரை நிப்பாட்டி வைப்பாகளாம்."

"நிப்பாட்டுனா?"

"திரும்ப வாங்க அலையணும். ஒங்க அட்டையில வேற பேரும் இல்ல பாருங்க."

வீட்டுக்கு வந்து சினேகாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்பா பேரை எடுத்தாக. சரி, போனவுக பேரை எடுக்கத்தான் செய்வாக. நான் இங்கன உசுரோட நடமாடிக்கிட்டு இருக்கேன். எம்பேரையும் எடுத்துட்டா இந்த வீட்ல யாருதான் இருக்கா ஆத்தா?" என்றாள்.

சினேகா தேனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கடைக்குப் பக்கத்தில் இருக்கும் தோல் டாக்டரம்மாவிடம் தாயின் கையைப் படமெடுத்துக் காட்டிக் கேட்டிருந்தாள். வாய் அகன்ற ஒரு வெள்ளை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

பொன்னாத்தாள் மூடியைத் திருகி மோந்து பார்த்தாள்.

"வாசமே இல்லியேடி."

"வாசம் இருந்தா ஒன் கைக்கு இன்னும் அரிக்கும். இது வாசத்துக்குப் பூசுறது இல்ல."

"மூஞ்சில பூசலாமா? வெளுக்குமா?"

"ஏம்மா, இந்த வயசுல வெளுத்து யாருக்குக் காட்டப் போற? கைக்கு மட்டும். தோட்டத்து வேலை முடிஞ்சு வந்து, காரமில்லாத சோப்புப் போட்டுக் கை கழுவு. சுடுதண்ணி வேண்டாம். துண்டை எடுத்துச் சும்மா ஒத்திக்க. ஈரம் இருக்கையிலேயே இதைப் பூசு."

"ஈரத்துல எண்ணெ ஒட்டுமாடி?"

"நீ இத்தன வருசமா வறண்ட கையில எண்ணெ தேச்ச. அதான் ஒண்ணும் நடக்கல. மொதல்ல தண்ணி உள்ள போகணும், அதுக்கப்புறம் இது மேல நின்னு தண்ணிய வெளிய விடாமப் பூட்டி வைக்கும். கடுகளவு எடுக்காத. நெல்லிக்காயளவு எடு. பூசிட்டுப் படுக்கையில கையில துணி உறை மாட்டிக்கிட்டா நல்லதுன்னு சொன்னாக. அதை வாங்க மறந்துட்டேன்."

பொன்னாத்தாள் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து சின்னச்சாமியின் சாக்ஸ் ஒரு ஜோடியைக் கொண்டு வந்தாள். மலையில் தணுப்பு என்று அவர் வருஷம் முழுவதும் போட்டிருந்த தடித்த பருத்தி சாக்ஸ். துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

சினேகா அதைப் பார்த்தாள். தாயின் கையைக் கழுவக் கூட்டிப்போனாள்.

ஈரக் கையில் அந்த வெள்ளைக் களிம்பு பட்டதும் வெடிப்புகளில் சுரீரென்று எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தயிருக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் இருக்கும் ஒரு பதம், வழியவுமில்லை, ஒட்டவுமில்லை. சினேகா ஒவ்வொரு விரலாக, நகத்தைச் சுற்றி, விரலிடுக்கில், மணிக்கட்டு வரை தேய்த்துவிட்டாள். எரிச்சல் மெல்ல அடங்கியது. அதோடு இன்னொன்றும் அடங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் நாளெல்லாம் ஓடும் மோட்டார், கரண்ட் போனவுடன் சட்டென்று நின்றால்தான் அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே நமக்கு உறைக்கும். அப்படி நின்றது அரிப்பு. தன் கை இத்தனை வருஷமாக இவ்வளவு இரைச்சல் போட்டுக்கொண்டிருந்ததா என்று பொன்னாத்தாள் திகைத்துப்போனாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கை இருக்கிறதே தெரியல."

சாக்ஸை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். "கரடி மாதிரில்ல இருக்கேன்" என்று சிரித்தாள். விளக்கை அணைத்த பிறகு ஒரு கையை மூக்கருகே கொண்டுபோனாள். எத்தனை தடவை துவைத்தும் நூலுக்குள் எங்கோ ஒரு துளி டீசல் வாசம் மிச்சமிருந்தது.

அந்த மாதம் தோட்டத்தில் பசை தடவும் வேலை இல்லை. காய் பழுக்கும் காலம். அது அவளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நான்காம் நாள் செதில் செதிலாகப் பழைய தோல் உதிர்ந்தது. பத்தாம் நாள் விரல் மடிப்பிலிருந்த வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாய் மூடின. குழம்புக்குப் புளி கரைத்தபோது எரியவில்லை. எரியவில்லை என்பதைக் கரைத்து முடித்த பிறகுதான் கவனித்தாள். கையைப் புளித்தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் இலை கிள்ளிக்கொண்டிருந்தபோது, பந்தலின் இடைவெளியில் வெயில் விழுந்து இடது சுட்டுவிரலில் பட்டது. விரல் நுனியில் ஏதோ நூல் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் வழித்தாள். போகவில்லை. கண்ணருகே கொண்டுவந்து பார்த்தபோதுதான் அது ஒட்டியிருந்ததல்ல, தோலுக்குள்ளிருந்தே வந்த கோடு என்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மயிரிழை அளவில் இன்னொன்று. அதற்கு வெளியே மற்றொன்று. உழவு முடிந்த வயலை மலைமேலிருந்து பார்த்தால் தெரியும் சால்கள்போல வளைந்து வளைந்து ஓடின. நடுவே போய் மறைந்துவிட்டன.

அன்று வேலை நடுவே எத்தனை முறை விரலைப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வலது நடுவிரலில் ஓடைபோல் ஒரு பக்கமாக வளைந்து திரும்பியது. மோதிர விரலில் சுழித்தது. ஒரு விரல்போல இன்னொரு விரல் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் தன் உடம்பில் தனக்குத் தெரியாத பத்து சித்திரங்கள் இருப்பது அவளுக்கு வியப்பாக இருந்தது. கோயிலில் சாமிக்கு அலங்காரம் முடித்துத் திரையை விலக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று நிற்குமே, அதுபோல நின்றது. இவ்வளவு நுட்பத்தையும் யார் இருந்து போட்டார்கள்? யார் பார்ப்பதற்காக?

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. கோடுகள் வந்துவிட்டன, ஆனால் எந்திரத்துக்குப் போதுமா என்று தெரியாது. ராத்திரி பூசினதுக்கே இவ்வளவு என்றால் காலையிலும் பூசினால் சீக்கிரம் வந்துவிடுமே என்று அவள் கணக்குப் போட்டாள். ஒரு மூட்டை உரத்துக்கு இரண்டு மூட்டையாகப் போடும் ஊர்க்காரர்களின் கணக்கு அது. பழம் வெட்டுகிற நாள் என்பதை மறந்து, காலையில் கை கழுவி, நெல்லிக்காயளவுக்குப் பதில் எலுமிச்சையளவாகவே எடுத்துப் பூசிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

முதல் நான்கு குலை சரியாக இறங்கின. ஐந்தாவது நல்ல கனம். வலது கை கத்தரித்தது. இடது கை விரலிடுக்கில் காம்பு வழுக்கியது.

குலை மண்ணில் விழுமுன் உள்ளங்கையை விரித்து ஏந்திவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் முதன்முதலாகப் பழத்தைக் கையால் தொட்டாள். பழத்தின் குளிர்ச்சிகூட அன்றுதான் கைக்குத் தெரிந்தது. பதறிப்போய்க் கத்தரிக்கோலைக் கீழே போட்டு, காம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

அடிப்பக்கத்தில் நான்கைந்து பழங்களில் மாவு கலைந்து திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. ஒரு பழத்தில் மட்டும், விரல் லேசாகப் பட்டு விலகிய இடத்தில், மாவு முழுக்கக் கலையவில்லை. வெள்ளைக்கும் கருநீலத்துக்கும் நடுவே கோடு கோடாக, ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் சின்னஞ்சிறு சுழியோடு ஒரு விரல் பதிந்திருந்தது. இடது சுட்டுவிரல். விரலில் மங்கலாகத் தெரிந்தது பழத்தில் முழுசாகத் தெரிந்தது. ஒரு கோடும் அறுபடவில்லை.

பந்தலின் கீழே இலைகளின் பச்சை வெளிச்சத்தில் அவள் குலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். பக்கத்து வரிசைப் பெண்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

"ஏத்தா, குலையோட என்ன பேச்சு?" பெட்டி எண்ண வந்த ஈஸ்வரபாண்டி அருகில் வந்துவிட்டார். குலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "கைபட்டிருக்கு! யாரு வெட்டுனது?"

"நான்தாண்ணே."

"நீயா? வெளையாடாத."

"எங்கைதாண்ணே. இந்தா பாருங்க, எங்கையிதான்."

குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் குரலாக அது இல்லை. ஈஸ்வரபாண்டி குழம்பிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பழத்தைப் பார்த்தார். அவள் நீட்டிய விரலைப் பார்த்தார். மறுபடி பழத்தைப் பார்த்தார்.

"அடேயப்பா" என்றார் மெதுவாக. "பத்திரத்துல வச்சது மாதிரியில்ல பதிஞ்சிருக்கு."

"கை தேஞ்சு கிடந்துச்சு. ஒரு கிரீம் போட்டேன். திரும்ப வந்திருக்கு."

"வந்தது நல்லதுதான். அதை ஏம்பழத்துல வந்தா வச்சுப் பாக்கணும்?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "போயி மண்ணு போட்டுக் கையைத் தேச்சுக் கழுவிட்டு வா. இதைக் கழிவுல போட்டுரு."

"கழிவுல போடல. நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"கொண்டு போ, கொண்டு போ. பிரேம் போட்டு மாட்டு."

பிரேம் போடவில்லை. அடுப்படி ஆணியில் காம்பைக் கட்டித் தொங்கவிட்டாள். விரல் பதிந்த பழத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. திரும்பினால் சுவரில் சின்னச்சாமியின் காக்கிச் சட்டை. அவர் போனதிலிருந்து, உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதன் முதுகில் ஒருமுறை உள்ளங்கையை இழுப்பது அவள் வழக்கம். துணியில் கை சிக்கிச் சரசரவென்று கேட்கும். அன்றும் இழுத்தாள்.

சத்தமே கேட்கவில்லை. கை வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது.

இன்னொரு முறை இழுத்தாள். துணி அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பொன்னாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கையை அவர் கொண்டாடினாரோ அந்தக் கையை அவளே நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கரைத்துப் போக்கிவிட்டாள். அன்றைக்கு டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் சினேகா போன் செய்தபோது சொன்னாள்: "பழைய கையி போயிருச்சுடி. இது யாரோட கையோ மாதிரி இருக்கு."

"யாரோடதும் இல்லம்மா. ஒன்னோடதுதான். ரேகை மேல தேஞ்சாலும் அடியில இருக்குமாம். தோலு பொழைச்சா அதே கோடுதான் மறுபடி வரும். ஒரு கோடு கூட மாறாது. வயித்துக்குள்ள இருக்கையிலயே போட்டதும்மா அது."

"எங்க ஆத்தா வயித்துக்குள்ளயா?"

"ஆமா."

"அப்பவேவா?"

"அப்பவே."

போனை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். சிறுமியாய் இருந்தபோது சுருளி அருவியில் நீட்டியதும் இந்தக் கோடுகள்தான். சினேகா பிறந்தபோது முதலில் தொட்டதும் இவைதான். கல்யாணத்தன்று சின்னச்சாமி பிடித்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்போது அவள் மயில்துத்தத்தைத் தொட்டதே இல்லை. அவர் முதலில் பிடித்த கை இதுதான். நடுவில் எங்கோ போயிருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அவள் எழுந்துபோய்க் கை கழுவினாள். ஒத்தி எடுத்தாள். ஈரத்தோடு டப்பாவைத் திறந்தாள்.

மாதத்தின் கடைசி நாள் ரேஷன் கடையில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து அவள் முறை வந்தது. அட்டையைக் கொடுத்தாள். கட்டைவிரலை வைத்தாள்.

சிவப்பு.

"அழுத்துங்கத்தே."

அழுத்தினாள். சிவப்பு. முத்துக்குமரன் துண்டை எடுத்து எந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தான். அவள் விரலையும் துடைத்தான். துடைத்தபோது விரலைப் பார்த்து ஒரு நொடி நின்றான்.

"அட, ரேகை வந்திருக்கே! எப்படித்தே? இன்னும் நல்லா அழுத்துங்க, இந்தத் தடவை எடுத்துரும்."

நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். சிவப்பு. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருந்த பத்து சித்திரங்களும் பொய்யா? பழத்தில் அவ்வளவு துல்லியமாக விழுந்ததே?

பழத்தில் விழுந்தது என்று நினைத்தபோது கை தானாக நின்றது. பழத்தை அவள் அழுத்தவில்லை. அழுத்திப் பிடித்த பழங்களிலெல்லாம் மாவு கலைந்து கறுப்புத் திட்டுத்தான் இருந்தது. லேசாகப் பட்டு விலகிய ஒன்றில்தான் விரல் முழுசாக விழுந்தது. இத்தனை மாதமும் 'அழுத்து, அழுத்து' என்றார்கள். அவளும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சம் இரு முத்துக்குமரா."

இடது கையை நீட்டினாள். கண்ணாடியை ஒரு பன்னீர்ப் பழமாக நினைத்துக்கொண்டாள். அதன்மேல் மாவு படிந்திருக்கிறது. அது கலையக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுட்டுவிரலை இறக்கினாள். தொட்டதும் தொடாததுமாக அப்படியே வைத்தாள்.

முத்துக்குமரன் வாயைத் திறந்தான். அவன் 'அழுத்துங்க' என்று சொல்லுமுன் எந்திரம் பச்சை காட்டியது.

"ஏறிருச்சு!" என்று அவன் கத்தினான். "அத்தே, ஏறிருச்சு! பொன்னாத்தாள், கணவர் பெயர் சின்னச்சாமி. பாருங்க, வந்துருச்சு."

சின்னத் திரையில் இரண்டு பெயரும் மேலும் கீழுமாக இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். பிறகு எந்திரத்தின் கண்ணாடியைப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதில் சுழி தெரிந்தது. அடுத்தவருக்காக முத்துக்குமரன் துண்டைக் கொண்டுவந்தான்.

"ஒரு நிமிசம் இருப்பா" என்றாள். கண்ணாரப் பார்த்தாள். "ம், தொடச்சுக்க."

முன்பு கொள்ளையடித்தாயா என்று கேலி செய்த அதே பெண் பின்னாலிருந்து, "என்னடி மந்திரம் போட்ட?" என்றாள்.

"அழுத்தாத. பழத்தைத் தொடுற மாதிரித் தொடு" என்று சொல்லிவிட்டு அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டாள். அன்று அந்த வரிசையில், தோட்டத்தில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு விரல் ஏறியது. ஒருத்திக்கு ஏறவில்லை. பொன்னாத்தாள் அவளைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னாள். டப்பாவில் பாதி இருந்தது.

ஆணியில் தொங்கிய குலை நாளாக நாளாகச் சுருங்கியது. விரல் பதிந்த பழம் வற்றி உலர்ந்தபோது கோடுகள் நெருங்கி நெருங்கிக் கடைசியில் மறைந்தன. அதற்கு அவள் வருந்தவில்லை. மூலம் கையிலேயே இருந்தது. அடுத்த கவாத்துக்குப் பசை தடவ, மெல்லிய துணியால் கையுறை தைத்து அதன்மேல் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டாள். மற்ற பெண்களும் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டார்கள்.

சித்திரையில் சினேகா வந்திருந்தபோது, தாய் கை கழுவிவிட்டு வந்து களிம்பு பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாக, நகத்தைச் சுற்றி, புறங்கை, மணிக்கட்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வலது உள்ளங்கையின் அடிமேட்டில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஓர் இடம், பழையபடி வெளுத்துக் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. பொன்னாத்தாளின் விரல் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"அங்கன ஏன்மா விட்டுட்ட? பூசு."

"அது கிடக்கட்டும்."

"எதுக்குக் கிடக்கணும்?"

பொன்னாத்தாள் சாக்ஸை மாட்டிக்கொண்டே சுவரிலிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"முதுகு சொறிய."